பள்ளிக்குப் பதினைந்து மாணாக்கர்: 1822ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் தொடக்கப்பள்ளிச் சேர்க்கை வரலாறும்

முன்னுரை

ஒரு தொடக்கப்பள்ளியைப் பற்றி அறிய முற்படுவோர் முன்னர் எழும் அடிப்படை வினாக்கள் இரண்டு. அங்குப் பயில்வோர் எத்தனை பேர் என்பது ஒன்று. அவர்கள் யாவர் என்பது மற்றொன்று. முன்னது வகுப்பின் அளவைப் பற்றியது. பின்னது மாணாக்கரின் சமூகப் பின்புலத்தைப் பற்றியது. கல்வித்துறை ஆவணங்களில் இவ்விரண்டும் தனித்தனிப் பட்டியல்களாகவே இடம்பெறுகின்றன. ஆயினும் வரலாற்று நிலையில் நோக்கும்போது ஒன்று மற்றொன்றைத் தீர்மானித்து வந்திருப்பதைக் காணலாம். பள்ளியில் யாரெல்லாம் சேர முடிந்தது என்பதே எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதையும் வரையறுத்துள்ளது. இத்தொடர்பை, சென்னை மாகாணத்தில் 1822ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதும், அதன் பின்னர்த் தோன்றிய அரசுப் பள்ளிகளில் மாணாக்கர் தொகை பெருகிய முறையை அதனோடு ஒப்பிட்டு நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றோவின் கணக்கெடுப்பு

சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய சர் தாமஸ் மன்றோ, 1822 ஜூன் 25ஆம் நாளிட்ட தம் குறிப்பில் மாகாணத்தின் கல்வி நிலையை அறியுமாறு பணித்தார். மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயிலும் மாணாக்கர் எத்தனை பேர், அவர்கள் எவ்வெப் பிரிவினர் என்பவற்றைக் குறித்தனுப்பும்படி ஆட்சியர்களுக்கு ஒரே வகையான படிவம் அனுப்பப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒரியா ஆகிய மொழிகள் வழங்கிய நிலப்பகுதிகள் அக்காலச் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தமையால், இக்கணக்கெடுப்பு தென்னிந்தியாவின் பெரும்பகுதியைத் தழுவியதாக அமைந்தது. கன்னட மாவட்ட ஆட்சியர் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்பவில்லை. ஏனையோரிடமிருந்து வந்த விடைகளைத் தொகுத்து, 1826 மார்ச் 10ஆம் நாள் மன்றோ தம் முடிவுகளைப் பதிவு செய்தார்.

அத்தொகுப்பின்படி பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். மக்கள் தொகை 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது இதனால் புலனாகிறது. மாணாக்கருள் ஆண்கள் 1,84,110 பேர். எஞ்சிய 4,540 பேரே பெண்கள். அஃதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளின் தொகையை 7,13,000 என மதிப்பிட்ட மன்றோ, அவருள் நால்வரில் ஒருவர் பள்ளியில் பயில்வதாகக் கணித்தார். வீட்டிலேயே பயில்வோரையும் சேர்த்தால் இவ்விகிதம் மூவரில் ஒருவர் என்னும் அளவை நெருங்கும் என்பது அவர் கருத்து. சென்னை நகரில் வீட்டில் பயில்வோர் 26,903 பேர் என வந்த கணக்கில் பிழை இருக்கக்கூடும் என்று அவரே ஐயுற்றமையும் நோக்கத்தக்கது.

பதினைந்து என்னும் தொகை

1,88,650 மாணாக்கரை 12,498 பள்ளிகளுக்குப் பகிர்ந்து நோக்கினால் பள்ளி ஒன்றுக்குச் சராசரியாகப் பதினைந்து பேர் அமைகின்றனர். பல்லாரி மாவட்டத்தில் இச்சராசரி இன்னும் குறைவு. அம்மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் 1823 ஆகஸ்டு 17ஆம் நாள் அனுப்பிய அறிக்கையில் 533 பள்ளிகளும் 6,641 மாணாக்கரும் இருந்தமையைக் குறிப்பிடுகிறார். அஃதாவது பள்ளிக்குப் பன்னிருவர். மாவட்ட மக்கள் தொகை 9,27,857. எனவே ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ எழுவரே பயின்றனர். அப்பள்ளிகளுள் 235 கன்னடமும், 226 தெலுங்கும், 23 மராத்தியும், 21 பாரசீகமும், 4 தமிழும், 1 ஆங்கிலமும் கற்பித்தவை. எஞ்சிய 23 வடமொழிக்குரியவை. தமிழ் நிலத்துக்கு வெளியே தமிழ் கற்பித்த நான்கு பள்ளிகள் அந்நாளிலேயே அரசுக் கணக்கில் இடம்பெற்றுள்ளமை தமிழாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கதாகும்.

பதினைந்து பேர் என்னும் சிறிய தொகை எவ்வாறு அமைந்தது? இதற்கான விடையை மன்றோவின் குறிப்பிலிருந்தே பெறலாம். மாணாக்கர் ஒருவர் திங்கள்தோறும் நான்கு அணா முதல் எட்டு அணா வரை செலுத்தினர் என்றும், ஆசிரியர்கள் பொதுவாகத் திங்களுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும் அவர் எழுதுகிறார். பதினைந்து பேரும் நான்கணா வீதம் செலுத்தினால் மூன்றே முக்கால் ரூபாயும், எட்டணா வீதம் செலுத்தினால் ஏழரை ரூபாயும் சேரும். மன்றோ சுட்டும் வருவாய் இவ்விரு எல்லைகளுக்கு இடையே அடங்குகிறது. ஓர் ஆசிரியர் எவ்வாறேனும் காலந்தள்ளுவதற்குத் தேவையான பிள்ளைகள் எத்தனை பேரோ, ஏறத்தாழ அத்தனை பேரையே திண்ணைப்பள்ளி பெற்றிருந்தது. ஊரில் கட்டணம் செலுத்தவல்ல குடும்பங்களின் எண்ணிக்கையே பள்ளியின் அளவாக அமைந்தது எனலாம். சிறிய வகுப்பே சிறந்தது என்னும் கல்விக் கொள்கையால் விளைந்ததன்று அது.

காம்ப்பெல்லின் அறிக்கை இக்கருத்துக்கு அரண் செய்கிறது. கல்வி குன்றியமைக்கு நாட்டில் படிப்படியாகப் பெருகிய வறுமையை அவர் காரணமாகக் காட்டுகிறார். ஐரோப்பியத் துணி வகைகளின் வரவால் நெசவு முதலிய தொழில்களில் ஈடுபட்டோர் வாழ்விழந்தமையையும் சுட்டுகிறார். கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்தின் பிள்ளை பள்ளியை விட்டு நீங்கினால் அப்பள்ளியின் தொகை மட்டும் குறைவதில்லை. ஆசிரியரின் வருவாயும் குறைந்து பள்ளியே நிலைக்க இயலாத சூழல் உருவாகும்.

பயிற்றுமுறையையும் இத்தொகையோடு இணைத்துக் காண வேண்டும். பல்லாரிப் பள்ளிகளில் மாணாக்கர் பொதுவாக நான்கு பிரிவினராகப் பகுக்கப்பட்டனர். வயதைக் கருதாது, தேர்ச்சியைக் கருதியே பிள்ளை ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தப்பட்டது. தொடக்க நிலையினர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். அவர்களை மேல்நிலை மாணாக்கர் கவனித்துக்கொள்ள, உயர்பிரிவினரை ஆசிரியர் நேரே கற்பித்தார். பன்னிருவரை நான்காகப் பகுத்தால் பிரிவுக்கு மூவரே அமைவர். தமிழகத்துத் திண்ணைப்பள்ளியில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியும் இத்தகையதே. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி ஆகியவற்றை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் முறையில், முன்னர்க் கற்றவன் பின்னர் வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இம்முறை கடல் கடந்து சென்ற பின்னர் அடைந்த மாற்றம் குறிப்பிடத்தக்கது. சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதையர் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல், மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையை அங்குக் கையாண்டார். 1797இல் அதுபற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். சென்னை முறை என்றே பெயர் பெற்ற இது, ஜோசப் லங்காஸ்டர் முதலியோரின் முயற்சியோடு சேர்ந்து, ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் மேற்பார்க்கும் ஏற்பாடாக இங்கிலாந்தில் பரவியது. திண்ணையில் பன்னிருவருக்கும் பதினைவருக்கும் பயன்பட்ட உத்தி, அங்குப் பெருங்கூட்டத்தை ஆளும் உத்தியாயிற்று. பயிற்றுமுறை ஒன்றாக இருப்பினும் வகுப்பின் அளவு சூழலுக்கேற்ப வேறுபடும் என்பதற்கு இது சான்றாகும்.

படிவத்தின் கட்டங்களும் மாணாக்கரும்

மன்றோவின் படிவம் இந்து மாணாக்கரைப் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார் எனப் பகுத்து, முஸ்லிம்களைத் தனியே குறிக்கும் வகையில் அமைந்திருந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஆண், பெண் தொகைகள் கேட்கப்பட்டன. இவ்விவரங்களைத் தரம்பால் 1983இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகத் தொகுத்துள்ளார். அவர் காட்டும் கணக்கின்படி, தமிழ் வழங்கிய மாவட்டங்களில் இருபிறப்பாளர் எனப்பட்ட மேல் வருணத்தார் தென்னார்க்காட்டில் நூற்றுக்குப் பதின்மூவராகவும் சென்னையில் ஏறத்தாழ இருபத்து மூவராகவும் இருந்தனர். சூத்திரரும் ஏனைய சாதியாரும் சேர்ந்து சேலம், திருநெல்வேலி மாவட்டங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினராகவும், தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டுக்கு மேற்பட்டும் விளங்கினர். முஸ்லிம்கள் செங்கற்பட்டு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களில் மூன்று விழுக்காட்டுக்குக் குறைவாகவும், சேலத்தில் பத்து விழுக்காடாகவும் இருந்தனர். மலபாரில் மாணாக்கருள் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அங்கு 3,196 முஸ்லிம் சிறுவரோடு 1,122 முஸ்லிம் சிறுமியரும் பயின்றமை ஏனைய மாவட்டங்களினின்றும் வேறுபட்ட நிலையாகும்.

இவ்விழுக்காடுகளைப் பதினைவர் கொண்ட திண்ணையில் பொருத்திப் பார்த்தால் தென்னார்க்காட்டுப் பள்ளி ஒன்றில் இருவர் மேல் வருணத்தாராகவும் பன்னிருவர் அல்லது பதின்மூவர் ஏனையோராகவும் இருந்திருப்பர். கல்வி பிராமணர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் பொதுக் கருத்து எழுத்து, எண் ஆகியவற்றைக் கற்பித்த பள்ளிகளைப் பொறுத்தவரை பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இதனை மட்டும் கொண்டு, கல்வி அனைவருக்கும் திறந்திருந்தது எனத் துணிதலும் இயலாது. பள்ளியினுள் ஒரு பிரிவினர் பெற்ற பங்கு வேறு; அப்பிரிவில் பிறந்த குழந்தை பள்ளியை எட்டும் வாய்ப்பு வேறு. மக்கள் தொகையில் சிறுபான்மையரான பிராமணர் பள்ளியில் தம் தொகைக்கு மிகுதியான இடம் பெற்றிருந்தனர். சூத்திரர் என்னும் ஒரே கட்டத்துள் நிலவுடைமை வேளாளரும் வணிகரும் கைவினைஞரும் உழுகுடிகளும் ஒருங்கே அடக்கப்பட்டனர். தீண்டாமைக்கு ஆட்படுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் பயின்றனர் என்பதை அறிய இப்படிவத்தில் தனிக் கட்டம் இல்லை. அவர்கள் இருந்திருந்தால் ஏனைய சாதியார் என்பதனுள் மறைந்திருப்பர். இல்லையெனில் அவ்வின்மையும் பதிவாகாமலே போயிருக்கும்.

இக்குறையை வங்காளக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டுத் தெளியலாம். வில்லியம் ஆடம் 1838இல் அளித்த மூன்றாம் அறிக்கை மாணாக்கரின் சாதிப் பெயர்களைத் தனித்தனியே குறித்தது. அதனால்தான் பர்த்வான் மாவட்டத்து நாட்டுப்பள்ளிகளில் டோம் வகுப்பினர் 61 பேரும் சண்டாளர் எனப்பட்டோர் 61 பேரும் பயின்றமை இன்று அறியக் கிடைக்கிறது. மிகத் தாழ்ந்தனவாகக் கருதப்பட்ட பதினாறு சாதிகளைச் சேர்ந்த 674 பேர் அந்நாட்டுப்பள்ளிகளிலும், 86 பேர் மட்டும் மாவட்டத்தின் பதின்மூன்று கிறித்தவச் சமயப்பணிப் பள்ளிகளிலும் பயின்றனர் என்ற செய்தியும் அவ்வறிக்கையால் புலப்படுகிறது. படிவத்தில் எத்தகைய கட்டம் வரையப்படுகிறதோ, அத்தகைய மாணாக்கரே வரலாற்றுக்குக் கிட்டுகின்றனர்.

கணக்கைப் பற்றிய விவாதம்

இத்தரவுகள் இருபதாம் நூற்றாண்டில் பெரும் விவாதப் பொருளாயின. 1931 அக்டோபர் 20ஆம் நாள் இலண்டனில் ஆற்றிய உரையில் காந்தியடிகள், பிரித்தானிய ஆட்சி இந்தியக் கல்வி என்னும் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்து அதனைப் பட்டுப்போகச் செய்தது என்னும் கருத்தை வெளியிட்டார். சர் பிலிப் ஹார்டாக் அதற்குச் சான்று கேட்டு மறுத்தார். தம் மறுப்பை 1939இல் நூலாகவும் வெளியிட்டார். தரம்பாலின் தொகுப்பு இவ்விவாதத்துக்கு மீண்டும் உயிரளித்தது.

இரு தரப்பினரும் பெரும்பாலும் பள்ளிகளின் தொகையையும் மாணாக்கரின் தொகையையும் முன்னிறுத்தியே வாதிட்டனர். பள்ளிக்குப் பதினைவர் என்னும் அளவு எதனால் விளைந்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட, தென்னிந்தியக் கணிதப் பயிற்சி பற்றிய ஆங்கில நூல் திண்ணைப்பள்ளியின் நினைவாற்றல் பயிற்சியையும் அதனோடு பிணைந்த உழைப்பு, அளவை, கணக்கு ஆகியவற்றையும் ஆராய்ந்து இத்துறையில் புதிய நோக்கைத் தந்துள்ளது. பள்ளியை ஊரின் பொருளியல் உறவுகளினின்றும் பிரித்துக் காணுதல் இயலாது என்பது இத்தகைய ஆய்வுகளால் உறுதிப்படுகிறது.

அரசுப் பள்ளியின் வரவும் சேர்க்கை உரிமையும்

ஆசிரியரின் குறைந்த வருவாயே கல்வியின் தாழ்வுக்குக் காரணம் எனக் கண்ட மன்றோ, மாவட்டத் தலைமைப் பள்ளி ஆசிரியருக்குத் திங்களுக்குப் பதினைந்து ரூபாயும் வட்டப் பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது ரூபாயும் அரசே வழங்குமாறு பரிந்துரைத்தார். 1827இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன. 1854ஆம் ஆண்டுச் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கைக்குப் பின்னர் மானிய முறையும் ஆய்வாளர் மேற்பார்வையும் பரவின. திண்ணைப்பள்ளிகள் பல இம்முறைக்குள் ஈர்க்கப்பட்டன.

அரசுப் பணத்தில் இயங்கும் பள்ளி எல்லோர்க்கும் உரியது என்னும் கொள்கை ஏட்டில் ஏற்கப்பட்டதாயினும், நடைமுறையில் எளிதாக நிறைவேறவில்லை. 1856இல் தார்வார் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட மகர் சிறுவன் ஒருவன் பம்பாய் அரசுக்கு விண்ணப்பித்தான். ஒருவனைச் சேர்த்தால் ஏனையோர் விலகிவிடுவர் என்னும் அச்சம் அன்று காரணமாகக் கூறப்பட்டது. இங்கு வகுப்பின் தொகையே விலக்கலுக்கான வாதமாகப் பயன்பட்டமை கருதத்தக்கது. ஒருவனது உரிமை, பலரின் வருகையோடு எடையிடப்பட்டது. சென்னை மாகாணத்தில் பஞ்சமர் கல்விக்கெனத் தனி அரசாணை 1893இல் பிறந்தது. அடுத்த ஆண்டு ஆல்காட்டின் முயற்சியால் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கப்பட்டது. பொதுப் பள்ளியில் இடம் கிடைக்காமையே தனிப்பள்ளிகளின் தேவையை உணர்த்திற்று.

கட்டாயத் தொடக்கக் கல்விக்காகக் கோபால கிருஷ்ண கோகலே 1911இல் கொணர்ந்த மசோதா, மறு ஆண்டு 13 வாக்குகளே ஆதரவாகக் கிடைக்க, 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் நிறைவேறியது.

ஓரணா உணவும் சேர்க்கைப் பெருக்கமும்

சேர்க்கைத் தொகைக்கும் மாணாக்கர் பின்புலத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக உணர்ந்து செயலாற்றிய நிகழ்வு அதே 1920இல் சென்னை மாநகராட்சியில் நடந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் மாணாக்கருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மன்றம் செப்டம்பர் 16ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. அப்பள்ளியில் பயில்வோர் வறியவர் என்றும், வறுமையால் பள்ளியின் தொகை பெரிதும் குறைந்துள்ளது என்றும் மன்றத் தலைவர் பிட்டி. தியாகராயர் எடுத்துரைத்தார். பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. எனினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவை மேற்கொள்ள அரசு இசையாமையால் 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றது.

ஈராண்டில் இருமடங்கான இச்சேர்க்கை, திண்ணைப்பள்ளியின் பதினைவர் கணக்கை மறுபுறத்திலிருந்து விளக்குகிறது. பிள்ளையின் குடும்பம் ஆசிரியரைக் காக்க வேண்டியிருந்த காலத்தில் பள்ளி சிறுத்திருந்தது. பொதுப்பணம் ஆசிரியரையும் காத்து, பிள்ளையின் பசியையும் தணித்தபோது பள்ளி பெருகியது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இவ்வழியில் வந்தவையே.

தொகையைப் பெருக்கும் வழிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. 1953இல் இராஜாஜி கொணர்ந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் மாணாக்கரை இரு பகுதியினராகப் பிரித்து, நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் கற்பிக்க வகை செய்தது. அதே கட்டடமும் அதே ஆசிரியரும் இருமடங்கு பிள்ளைகளுக்குப் பயன்படலாயினர். ஆனால் எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்னும் கூறு குலக்கல்வி எனக் கண்டனத்துக்கு உள்ளாகி, 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. எத்தனை பேர் என்னும் வினாவுக்கு மட்டும் விடை தந்து, யாருக்கு எத்தகைய எதிர்காலம் என்னும் வினாவை ஒதுக்கிய திட்டத்தைச் சமூகம் ஏற்கவில்லை.

இன்றைய சிறுபள்ளிகள்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப்பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியரும், 61 முதல் 90 வரை மூவரும், 91 முதல் 120 வரை நால்வரும் இருத்தல் வேண்டும் என வகுத்துள்ளது. அஃதாவது சேர்க்கை எத்துணைக் குறைவாயினும் ஆசிரியர் இருவருக்குக் குறைதல் கூடாது. ஆயினும் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டும் 2016-17ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017. அவற்றுள் 85,743 தொடக்கப்பள்ளிகள். அரசுத் தொடக்கப்பள்ளிகளுள் ஏறத்தாழ 28 விழுக்காடு முப்பதுக்கும் குறைந்த மாணாக்கரைக் கொண்டவை. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் வகுப்புக்குச் சராசரி 14 பேர்.

1826இன் பதினைந்தும் 2016-17இன் பதினான்கும் அடுத்தடுத்த எண்களாயினும் ஒன்றல்ல. முன்னது முழுப் பள்ளியின் தொகை; பின்னது ஒரு வகுப்பின் தொகை. முன்னது கட்டணம் செலுத்தியோரின் தொகை. பின்னதில் அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை, கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளிக்குச் செல்ல இயன்றோர் நீங்கிய பின் எஞ்சியோர் பெரும்பாலோர். அன்று வறியவர் வெளியே நின்றமையால் பள்ளி சிறிதாயிருந்தது; இன்று பல ஊர்களில் வசதியுடையோர் வெளியேறியமையால் பள்ளி சிறிதாகியுள்ளது. பிறப்பு விகிதக் குறைவு, இடப்பெயர்வு, மலை, காடு ஆகியவற்றின் நடுவே அமைந்த சிற்றூர்கள் முதலியனவும் காரணங்களாகின்றன.

முடிவுரை

பள்ளியின் தொகையும் அதில் பயில்வோரின் பின்புலமும் சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை என்பது மேற்கண்ட சான்றுகளால் தெளிவாகிறது. மன்றோவின் கணக்கில் தொகை மட்டும் நோக்கினோர் கல்வியின் பரவலைக் கண்டனர். கட்டங்களை நோக்கினோர் பிராமணரல்லாதார் பெற்ற இடத்தைக் கண்டனர். தனிக் கட்டம் பெறாத மக்களைக் காண்பதற்கு வேறு சான்றுகளை நாட வேண்டியதாயிற்று. சிறிய சேர்க்கையுடைய பள்ளிகளை இணைப்பது குறித்து முடிவெடுக்கும்போது எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது, மன்றோவின் பட்டியலில் இறுதிக் கூட்டுத்தொகையை மட்டும் படிப்பதை ஒத்ததாகும். இருபது பேர் கொண்ட பள்ளி நீங்கினால் அவ்விருபதின்மர் யாவர், அவருள் சிறுமியர் எத்தனை பேர், அடுத்த பள்ளிக்குச் செல்லும் வழியும் வசதியும் யாருக்கு உண்டு என்பவை உடன் ஆராயப்பட வேண்டும்.

இதற்குரிய சான்றுகள் ஊர்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலும் வருகைப் பதிவேடுகளிலும் உள்ளன. பெற்றோர் தொழில், தாய்மொழி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் முதலியன அவற்றில் அடங்கியுள்ளன. தமிழகத்தில் மட்டுமன்றிக் கருநாடகம், கேரளம், ஆந்திரம், மராட்டியம் ஆகிய மாநிலங்களில் தமிழ் கற்பித்த பொதுப்பள்ளிகளின் பதிவேடுகளும் தமிழர் இடப்பெயர்வு வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாகும். பள்ளிகள் இணைக்கப்படும்போதும் மூடப்படும்போதும் இவை அழிந்துபோகாதவாறு தொகுத்துக் காப்பது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.